பனிக்குருவி கிளியான கதை

சென்ற ஐப்பசியில் என் மூத்த மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது, பெட்டியின் அடியில் சாக்லெட்டுகளுக்கும் மூட்டுவலித் தைலத்துக்கும் நடுவே நசுங்காமல் காப்பாற்றிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்த மெல்லிய புத்தகம் ஒன்றில், நீலமும் சாம்பலும் கலந்த நிறத்துக் குருவியொன்று, பனி மூடிய கிளையின்மேல், கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. குறுக்குத் தையலுக்காகக் கட்டம் கட்டமாக அச்சிட்ட படம் அது. அகலத்தில் 70 கட்டம், உயரத்தில் 98 கட்டம், ஒன்பது வர்ணங்கள். படம் அழகுதான், சந்தேகமில்லை. ஆனால் நாற்கர சாலையின் தகிப்பும் சிட்கோ பேட்டையின் இரைச்சலும் இரவு பத்து மணிக்குப் பிறகும் தணியாத கப்பலூரில், பங்குனி பிறக்கும் முன்பே கூடத்துச் சுவர் அனலாய்க் கொதிக்கும் வீட்டில், அந்தப் பனியைக் கொண்டுபோய் எங்கே மாட்டுவது? அந்தக் குருவியே நம் ஊர் வெயிலைக் கண்டு திடுக்கிட்டுப் போகும் என்று எனக்குத் தோன்றியது. ஆகவே குருவியைக் கிளியாக்கிவிடுவது என்று தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்தினால் நான் பட்ட பாட்டையும் கற்ற பாடத்தையும் எழுதவே இன்று உட்கார்ந்திருக்கிறேன்.

எங்கள் காலத்துப் பெண்களுக்குக் குறுக்குத் தையல், பள்ளிக்கூடத்துத் தையல் வகுப்பில், சிறு கட்டம் போட்ட செக்ஸ் துணியில் அறிமுகமாயிற்று. பிறகு மேட்டி துணி வந்தது. எழுபதுகளில் கட்டிய எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், கண்ணாடிச் சட்டத்துக்குள் "நல்வரவு" என்ற எழுத்துக்குக் கீழே எதிரெதிராக நிற்கும் இரண்டு மான்களோ இரண்டு மயில்களோ நம்மை வரவேற்றது பலருக்கு நினைவிருக்கும். ஒரு வீட்டுப் படத்தை அடுத்த வீட்டார் வாங்கி, கட்டத்தை எண்ணி, அப்படியே போட்டுக்கொள்வதுதான் அக்காலத்துச் சம்பிரதாயம். பார்த்துப் போடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை. மார்கழியில் ஒரே புள்ளிக்கோலத்தைத் தெருவில் பத்து வீட்டார் போடுகிறார்கள். புள்ளி மாறுவதில்லை, வர்ணப் பொடி மட்டும் வீட்டுக்கு வீடு மாறுகிறது. அந்த மாற்றத்தைக் கொண்டே இது இன்னார் வாசல் என்று பால்காரர்கூடச் சொல்லிவிடுவார். தையலில் மட்டும் ஏனோ நமக்கு அந்தத் துணிச்சல் வரவில்லை. அச்சிட்ட தாளில் 403 என்று போட்டிருந்தால் 403-ஆம் நம்பர்க் கறுப்பு நூலுக்காக மதுரை மாசி வீதிகள் நாலையும் சுற்றி வந்தவள்தான் நானும்.

நூலைப்பற்றி நம்மவர்களுக்கு விஸ்தாரமாகச் சொல்ல வேண்டியதில்லை. கருமுத்து தியாகராசர் தோற்றுவித்த மில் இந்த ஊரில்தான் இருக்கிறது. வேறொரு நூற்பாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்த என் கணவர், சாப்பாட்டு இலையின்முன் உட்கார்ந்தும் நாற்பதாம் நம்பர், எண்பதாம் நம்பர் என்றே பேசியவர். ஒரு பவுண்டு நூலில் 840 கஜச் சிட்டம் எத்தனை தேறுகிறதோ அதுவே நூலின் நம்பர். ஆகவே நம்பர் ஏற ஏற நூல் மெலியும். மேட்டி துணிக்கும் அதே மாதிரிக் கணக்குத்தான்: ஓர் அங்குலத்தில் 11 கட்டம் இருந்தால் தடிப்பு, 14 இருந்தால் நடுத்தரம், 18 என்றால் என் போன்ற கண்ணாடிக்காரிகளுக்கு எட்டாத நுணுக்கம். என் குருவி 14 கட்டத் துணியில் ஐந்தங்குல அகலமும் ஏழங்குல உயரமும் வரும். 11 கட்டத் துணியில் போட்டால் உயரம் ஒன்பதங்குலத்தைத் தொட்டுவிடும். நான் பதினாலையே தேர்ந்துகொண்டேன்.

புத்தகத்தில் இருந்த நூல் நம்பர்கள் டி.எம்.சி. என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் நம்பர்கள். 1746-இல் முலூஸ் நகரத்தில் ஆரம்பித்த பழம் பெருமை வாய்ந்த கம்பெனி அது. நமக்குக் கைக்கெட்டும் நூல் ஆங்கர். அதன் சரித்திரமோ மதுரையோடு பின்னிக் கிடக்கிறது. ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லியில் கிளார்க் குடும்பத்தார் தொடங்கிய நூல் வியாபாரம் 1896-இல் அதே ஊர்க் கோட்ஸ் கம்பெனியோடு கலந்தது. நம் ஊர் ரயிலடிக்குப் பக்கத்தில் ஹார்வி சகோதரர்கள் நிறுவிய மில், 1974-இல் அந்தக் கோட்ஸோடு சேர்ந்து மதுரா கோட்ஸ் ஆயிற்று. படத்தின் நம்பர் டி.எம்.சி., கையிலுள்ள நூல் ஆங்கர்; ஆகவே ஒரு நம்பருக்கு மறு நம்பர் கண்டுபிடிக்கும் அட்டவணை இல்லாமல் வெளிநாட்டுப் படத்தை இங்கே போட முடியாது. டி.எம்.சி.யின் 310, ஆங்கரில் 403. இரண்டும் கறுப்பு, அதில் தகராறு இல்லை. ஆனால் பச்சைகளுக்கும் ஊதாக்களுக்கும் அட்டவணை சொல்வது "ஏறக்குறைய" என்ற அளவில்தான். ஏறக்குறையவே ஆனபின், நம் இஷ்டப்படி மாற்றினால் என்ன என்ற தைரியம் எனக்கு முதன்முதலில் அந்த அட்டவணையைப் பார்த்தபோதுதான் பிறந்தது.

ஆங்கரில் கிளிப்பச்சை என்றே ஒரு குடும்பம் இருக்கிறது, 254-இலிருந்து 258 வரை, இளந்தளிரிலிருந்து முற்றிய இலை வரைக்கும். குருவியின் உடம்பில் மூன்று சாம்பல் நீலங்கள்: வெளிறியது, நடுத்தரமானது, அடர்ந்தது. மூன்றுக்குப் பதில் மூன்று பச்சை எடுத்தால் தீர்ந்தது என்று எண்ணி, குடும்பத்தை விட்டுவிட்டு, பெட்டியில் மிச்சம் கிடந்த பச்சைகளில் மனசுக்குப் பிடித்த மூன்றைப் பொறுக்கிப் போட ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் இறக்கை முடிந்தது. வளையத்தைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்துவிட்டு நாலடி தள்ளி நின்று பார்த்தால், இறக்கையைக் காணோம்; வெற்றிலையை ஒட்டவைத்ததுபோல ஒரு பச்சைத் திட்டு மட்டும் இருந்தது. கிட்டே வந்தால் மூன்று வர்ணமும் பளிச்சென்று தனித்தனியாகத் தெரிகின்றன, தள்ளிப்போனால் கரைந்துவிடுகின்றன. காரணம் எனக்குப் புலப்படவில்லை. பள்ளி விடுமுறைக்கு வந்திருந்த பேத்திதான் கைபேசியில் அதைப் படம்பிடித்து, வர்ணத்தை நீக்கிக் கறுப்பு வெள்ளையாக்கிக் காட்டினாள். "அப்பத்தா, இந்த ரெண்டும் ஒண்ணுதான்" என்றாள். உண்மைதான்: மஞ்சளோடிய பச்சையும் நீலமோடிய பச்சையும் வர்ணத்தில் வேறு வேறாயினும், வெளிச்ச அளவில் ஒரே படியில் நின்றன. புத்தகத்துக் குருவிக்கு இறக்கையைக் கொடுத்தது நீல வர்ணமன்று. வெளிறியது, இடைப்பட்டது, இருண்டது என்ற படிக்கட்டே அதைக் கொடுத்தது. வர்ணத்தை நாம் எப்படி வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம். அந்தப் படிக்கட்டை மட்டும் உடைக்கக்கூடாது என்ற விஷயம், முந்நூறுக்குக் குறையாத தையலைப் பிரித்தெடுத்த பிறகே என் புத்தியில் ஏறிற்று.

அதன்பின் 254, 256, 258 என்று ஒன்றுவிட்டு ஒன்றாக எடுத்துக்கொண்டேன். கழுத்துக்கும் மார்புக்கும் இடையில் வர்ணம் திடீரென்று மாறுவது உறுத்தியதால், 254-இல் ஓரிழையும் 256-இல் ஓரிழையும் சேர்த்து ஒரே ஊசியில் கோத்துப் போட்டேன். ஆறிழை நூலைப் பிரித்து இரண்டிரண்டாகத் தைக்கும் வேலையில் இது ஒரு சௌகரியம், கடையில் விற்காத வர்ணம் ஒன்று நமக்குக் கிடைத்துவிடுகிறது. கைபேசி வேண்டாம் என்பவர்கள், நூல்களைப் பக்கம் பக்கமாக வைத்துக் கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலும் போதும்.

வர்ணம் மாறினால் மட்டும் குருவி கிளியாகுமா? வாலும் அலகும் வேண்டாமா? வால் சுலபமாக முடிந்தது. கிளைக்குக் கீழே வெறுமையாய் விட்டிருந்த இடத்தில், கட்டத்தாளில் பென்சிலால் வரைந்து, பன்னிரண்டு கட்ட நீளம் கூட்டினேன். அலகுதான் என்னைச் சோதித்தது. குருவியின் அலகு கூர்மையான சிறு முக்கோணம். கிளியின் அலகோ வளைந்து கீழிறங்கிக் கொக்கியாய் முடிவது. சதுரக் கட்டத்தில் வளைவு ஏது? படிக்கட்டுப் படிக்கட்டாக இறங்கிய என் முதல் அலகு, கிளிக்குப் பல்வலி வந்ததுபோல இருந்தது. முக்கால் தையல் ஒன்று இருக்கிறது: ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்கு முழு இழை, மற்றொரு மூலையிலிருந்து கட்டத்தின் மையம் வரை பாதி இழை. அதைக் கொண்டு கட்டத்தின் பாதியை மட்டும் வர்ணத்தால் மூடலாம். ஆனால் மேட்டி துணியில் துவாரம் இருப்பது நாலு மூலைகளில்தான், மையத்தில் இல்லை. நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் மொட்டை ஊசி அங்கே நுழையாது. ஆகவே அலகு முழுவதற்கும் பொத்தான் தைக்கும் கூரான ஊசியை எடுத்து, ஒவ்வொரு கட்டத்தின் வயிற்றிலும் குத்தி, பதினொரு கட்டத்தில் அந்த வளைவைக் கொண்டுவந்தேன். அந்தப் பதினொரு கட்டத்துக்கு இரண்டு மாலைப்பொழுதுகள் செலவாயின.

அலங்காரத் தையல்களைப்பற்றி எனக்கொரு திடமான அபிப்பிராயம் உண்டு. தெரிந்த தையல் எல்லாவற்றையும் ஒரே துணியில் காட்டிவிட வேண்டும் என்று ஆசைப்படுவது, கல்யாண வீட்டில் இருக்கிற நகை அத்தனையையும் குழந்தைக்குப் போட்டுவிடுவதைப் போன்றது. குறுக்குத் தையல் தட்டையானது. அதுவே அதன் லட்சணம். அந்தத் தட்டையிலிருந்து எழும்பி நிற்க வேண்டிய பொருள் எதுவோ அதற்கு மட்டும் வேறு தையல் கொடுக்க வேண்டும். என் படத்தில் அப்படி எழும்ப வேண்டியது கிளையின்மேல் இருந்த பனி. பனியை எடுத்துவிட்டு வேப்பம்பூ வைத்தேன், கிளை வேம்பாயிற்று. வெள்ளைக் கட்டங்கள் இருந்த இடமெல்லாம், தந்த நிறத்து நூலில் பிரெஞ்சு முடிச்சுகள். ஊசியில் ஒரு சுற்று சுற்றினால் மொட்டு, இரண்டு சுற்று சுற்றினால் பூ. ஊசி மேலே வந்த துவாரத்திலேயே திரும்ப இறக்கினால் முடிச்சு பின்பக்கம் ஓடிப்போகும் என்பதால், பக்கத்திலுள்ள கெட்டியான இழையின்மேல் இறக்க வேண்டும். மேற்கத்திய மரத்தின் சிவப்புக் காய்கள் வேப்பம்பழ மஞ்சளுக்கு மாறின. பூவும் பழமும் ஒரே கிளையில் இருக்குமா என்று வம்பு பிடிப்பவர்கள் வேறு வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொள்ளலாம்.

உடம்பைச் சுற்றிக் கறுப்பில் பின் தையல் போட்டுக் கோடு இழுக்கும்படி புத்தகம் சொல்லிற்று. கறுப்புக் கோடு எதையும் ஓவியமாக்காமல் பெயர்ப் பலகையாக்கிவிடும். ஆகையால் கறுப்பைக் கண்ணுக்கு மட்டும் நிறுத்திக்கொண்டு, உடம்புக்கு 258-ஐவிட இருண்ட பச்சையில் ஓரிழைக் கோடு போட்டேன். கழுத்தில் சிவப்பும் கறுப்புமான வளையத்தை ஓரிழைச் சங்கிலித் தையலில் முடித்தபோது, பக்கத்து வீட்டு மதினி உள்ளே வந்து கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "இது ஆம்பளக் கிளியால்ல இருக்கு மதினி?" என்றார். ஆரம் ஆண்கிளிக்குத்தான் என்பது வாஸ்தவமே. மீனாட்சி கையில் இருக்கும் கிளிக்கு ஆரம் உண்டா என்று பார்ப்பதற்காகவே இருவரும் அந்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். கூட்டத்தில் அம்மனைப் பார்த்ததே புண்ணியம் என்று வெளியே வந்து, ஒரு காலத்தில் கிளிகளை வளர்த்து அம்மன் பெயரைச் சொல்லப் பழக்கிய கிளிக்கூட்டு மண்டபத்தில் சிறிது நின்றுவிட்டு, நூல் வாங்கத் திரும்பினோம். புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே தையல் மிஷின்களும் ஊசி, நூல், ஜரிகைக் கடைகளும் நிறைந்திருந்த காலம் போய்விட்டது; கடைகள் குன்னத்தூர்ச் சத்திரத்துக்கு மாறிவிட்டன. ஆரம் அப்படியே இருக்கட்டும் என்று பேருந்தில் வரும்போது முடிவு செய்துகொண்டோம்.

என் அகங்காரத்துக்குத் தக்க தண்டனை அடுத்த வாரமே கிடைத்தது. அலகுக்கு நான் போட்டிருந்த சிவப்பு ஆங்கர் அன்று. ஒரு கடையில், பெயர்ச் சீட்டே இல்லாமல், பாதி விலைக்கு வாங்கியது. துணியை அலசிப் பிழிந்து உலர்த்தியபோது, அலகின் நுனியிலிருந்து மார்பைத் தாண்டி, ரூபாய் நாணயம் அகலத்துக்கு இளஞ்சிவப்பு இறங்கியிருந்தது. ஈரமாய் இருந்தபோதே குளிர்ந்த நீரை மாற்றி மாற்றி அலசியிருந்தால் போயிருக்கும். நானோ கவனியாமல் உலரவிட்டு, இஸ்திரியும் போட்டுவிட்டேன். சூடு பட்ட சாயம் பிறகு எதற்கும் அசையாது. இரண்டு நாள் அந்தத் துணியை நான் தொடவே இல்லை. மூன்றாம் நாள் காலையில் கொல்லை வேலியில் கோவைக்கொடி பழுத்துத் தொங்குவதைப் பார்த்தபோது வழி பிறந்தது. கறை விழுந்த இடத்தில் மூன்று கோவைப்பழங்கள். அடியில் ஓட்டத் தையலால் மெத்தை கொடுத்து, அதன்மேல் நெருக்கி நெருக்கிச் சாட்டின் தையல், இம்முறை சாயம் இறங்காத சிவப்பில். கொடிக்குக் காம்புத் தையல். கறையின் ஓரம் மட்டும் ஒரு பழத்துக்கு வெளியே மெல்லிய நிழலாய் எட்டிப் பார்க்கிறது. வந்தவர்கள் எல்லாரும் அந்த நிழலையே புகழ்கிறார்கள், நான் மறுப்பதில்லை.

கரையைப்பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். புடைவைக்குக் கரை எப்படியோ படத்துக்கும் அப்படியே. சேலைக் கோபுரக் கரையை ஆறு கட்டத்துக்கு ஒரு கோபுரமாகச் சுருக்கிக்கொண்டேன். 70-ஐயும் 98-ஐயும் ஆறால் வகுத்தால் மிச்சம் விழுகிறது. மூலையில் அரைக் கோபுரம் நிற்கும். கரையின் உள்சுற்றை 78க்கு 108 ஆக்கினால் பக்கத்துக்குப் பதின்மூன்று, பதினெட்டு கோபுரங்கள் முழுதாய் அடங்குகின்றன. படத்துக்கும் கரைக்கும் இடையே பக்கவாட்டில் நாலு கட்டமும் மேலும் கீழும் ஐந்து கட்டமும் விழும், அந்த ஒரு கட்ட வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது. தறியில் போட்டதுபோல் முதலிலேயே கணக்குப் பார்க்காதவர்கள், நாலாவது மூலைக்கு வந்த பிறகு அழுவார்கள். நானும் அழுதவள்.

கட்டத்தை எண்ணித் தைக்கும் இந்த வித்தை ஏதோ இறக்குமதிச் சரக்கு என்று நினைப்பது சரியன்று. வர்ணம் தீட்டிய கட்டப்படத்தை அச்சிட்டு விற்கும் வழக்கம் 1804-இல் பெர்லினில் தொடங்கியது என்பது மெய்தான். ஆனால் தார்வாட்டுப் பக்கத்துக் கசூதி வேலையில், கவந்தி, முர்கி, நேய்கி என்ற தையல்களோடு நம் குறுக்குத் தையலும் இருக்கிறது. அதற்கு மெந்தி, அதாவது வெந்தயம் என்று பெயர். நீலகிரித் தோடப் பெண்கள், வெள்ளைப் போர்வையில் சிவப்பும் கறுப்புமாக எழுப்பும் கரைகளுக்கு எந்தப் படமும் வரைந்துகொள்வதில்லை. இழையை எண்ணிய கண்ணும் விரலுமே படம். அந்த வேலைக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கசூதிக்காரிகளும் தோடத்திகளும் ஒரு கோலத்தை அடுத்தவரிடமிருந்து வாங்கினால் அப்படியே வைத்துக்கொள்வதில்லை என்பதற்கு, ஒன்றைப்போல் ஒன்று இல்லாத அவர்களுடைய துணிகளே சாட்சி.

கடைசியில் பெயரும் வருஷமும் போடவேண்டும் என்று பேத்தி பிடிவாதம் பிடித்தாள். அது புராதன வழக்கம்தான். லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், ஜேன் பாஸ்டாக் என்ற பெண் 1598-இல் தைத்த துணியில், அவள் பெயரோடு 1596-இல் பிறந்த ஒரு குழந்தையின் பிறந்த நாளும் நேரமும் எழுத்தாய் நிற்கின்றன. இங்கிலீஷ் எழுத்துக்கு ஏழு கட்ட உயரம் போதும். தமிழுக்கு அது போதாது. ட, ப இரண்டும் கட்டத்துக்கென்றே பிறந்த எழுத்துகள். ம, ய சமாளித்துவிடலாம். ணகரமும் ஞகரமும் சுழியை எங்கே வைப்பது என்று நம்மையே கேட்கும். பேத்தியின் பெயருக்கு முதலெழுத்து இகரம். கட்டத்தாளில் நாலு விதமாக வரைந்து அழித்தபின், ஒன்பது கட்ட உயரத்தில், உள்சுழியைக் குறுக்குத் தையலுக்கு விடாமல் ஓரிழைப் பின் தையலில் வளைத்துக் கொண்டுவந்தேன். தள்ளி நின்று பார்த்தால் இகரம். கிட்டத்தில் பார்த்தால் நத்தை. அவளுக்கு நத்தையும் சம்மதமாம்.

இப்போது அவள் தனக்கென்று ஒரு கிளி கேட்கிறாள், ஊதா நிறத்தில். "ஊதாக் கிளி எங்கேடி இருக்கு?" என்றேன். "பனியிலிருந்த குருவி கிளியாகலாம், கிளி ஊதாவாகக் கூடாதா அப்பத்தா?" என்கிறாள். பதில் சொல்லத் தெரியவில்லை. பெட்டியைக் கொட்டி ஊதாக்களை வரிசைப்படுத்திப் படம் எடுத்தோம். வெளிறியதும் இருண்டதும் கிடைத்துவிட்டன, நடுப்படிதான் இல்லை. நாளைக்குக் காலையில் வெயில் ஏறுவதற்குமுன் பெரியார் பேருந்து நிலையம் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும். இரண்டு ஊதாவையும் ஒரு துண்டு மேட்டியில் குத்திக் கைப்பைக்குள் வைத்தாயிற்று.